ஆரஞ்சு நெற்றிக் குருவி

கண்ணாடிக்கடைக்காரருக்கும் அவர் மனைவிக்கும் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. அதில் கடைசிப் பதினோரு வருஷமாக, அவர் பார்த்ததாகச் சொல்லும் எந்த அபூர்வப் பறவையையும் அவள் நம்பியதில்லை.

இதைக் குடும்பச் சண்டை என்று நினைத்துவிட வேண்டாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்து, ஆசை ஆசையாகச் சுவரோரம் நாற்காலியை இழுத்துப் போட்டேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர். கட்டியவர் சிமென்டில் கொஞ்சம் கை இறுக்கம் காட்டிவிட்டார், புண்ணியவான். காதை வைத்துக் கேட்டால் வந்தது இவ்வளவுதான்:

"வால் எவ்வளவு நீளம்னு பார்த்தீங்களா?"

"பறந்துக்கிட்டிருந்துச்சும்மா."

"அப்ப அடிச்சிடறேன்."

அடிப்பது என்றால் பேனாவால். எங்கள் ஊரில் பறவை பார்க்கிறவர்கள் சங்கம் ஒன்று இருக்கிறது. மற்ற மாதங்களில் இவர்களும் நம்மைப்போல் சாதாரண மனிதர்கள்தான். குளிர் தொடங்கி, வெளியூர்ப் பறவைகள் வந்து இறங்கியதும் ஆளே மாறிவிடுவார்கள். விடியும் முன்பே குரங்குக் குல்லா, கழுத்தில் பைனாகுலர், காலில் சேறு. பார்த்ததை எல்லாம் சங்கத்து நோட்டில் எழுதுவார்கள். அபூர்வமாக ஏதாவது பார்த்தேன் என்று யாராவது சொன்னால் அது நேராகக் கண்ணாடிக்கடைக்காரரின் மனைவியிடம் வரும். அவள் படத்தைப் பார்த்து, குறிப்பைப் படித்து, நம்பினால் கையெழுத்துப் போடுவாள். நம்பாவிட்டால் சிவப்புப் பேனாவால் ஒரே கோடு. பகலெல்லாம் லேபில் ஊரார் ரத்தத்தைச் சோதிக்கிறாள், மாலையில் ஊரார் பார்வையைச் சோதிக்கிறாள். சங்கத்தில் அவளுக்குப் பெயரே "சிவப்பு மை". முதுகுக்குப் பின்னால்தான். முன்னால் சொல்ல யாருக்குத் துணிச்சல்?

பாவம், அவருக்கு வீட்டிலும் சலுகை கிடையாது. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிற மனிதர் பார்த்தது ஒன்றுகூட அந்த நோட்டில் தேறியதில்லை. தெருவில் நாங்கள் எல்லாரும் இதைச் சொல்லி ஒரு சுற்றுச் சிரித்துக்கொள்வோம்.

அப்படி இருக்கும்போதுதான் இந்தக் குளிரில், ஒரு திங்கட்கிழமை, சுவருக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். தண்ணீர் ஏற்றும் நிலையத்தின் பின்வேலியில் ஒரு கொடி படர்ந்து கிடக்கிறது. குளிரிலும் குழல் குழலாகப் பூத்துத் தள்ளும். அந்த வேலியில் அவர் கட்டைவிரல் அளவு குருவி ஒன்றைப் பார்த்தாராம். முதுகு மங்கிய பச்சை, வயிறு வெளுப்பு, நெற்றியும் தொண்டையும் மட்டும் நல்ல ஆரஞ்சு. இந்த வட்டாரத்தில் இதுவரை யாரும் பார்க்காத பறவை. புத்தகத்தில் ஏதோ மலைக்காட்டுக் குருவியின் படத்தோடு அச்சு அசலாக ஒத்துப்போகிறது. படமும் எடுத்திருக்கிறார்.

பேனா மூடியைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. கோடு போட்டிருப்பாள் என்று நினைத்து நான் எழுந்திருக்கப் போனேன்.

"சரி," என்றாள் சிவப்பு மை. "கையெழுத்துப் போடறேன்."

என் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. நான் அவர்கள் பேச்சைக் கேட்பது போல அவர்களுக்கும் என் கரண்டி கேட்டிருக்கும். கேட்கட்டும்.

புதன்கிழமைக்குள் சேதி பரவி, தண்ணீர் நிலையத்துப் பின்வேலிக்கு முன்னால் கல்யாண வீட்டுக் கூட்டம். நானும் காய் வாங்கப் போகிற சாக்கில் போய் நின்றேன். சங்கத் தலைவர் பல் டாக்டர் பீரங்கி மாதிரி ஒரு லென்ஸோடு வந்திருந்தார். "ஆகா, என்ன நிறம்! என்ன நிறம்!" என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தார். போன குளிரில் அவர் ஐந்து நாள் மழையில் நின்று ஒரு ராஜாளியைப் படம் எடுத்தார். அதைத்தான் சிவப்பு மை, "இது பருந்து," என்று ஒரே கோடாக அடித்தாள். அந்தக் கோடு இன்னும் அவர் நெஞ்சில் கிடக்கிறது.

"வீட்டு ஆளு பார்த்தா மட்டும் எல்லாம் தெளிவாத் தெரியும்போல," என்றார் காற்றைப் பார்த்து.

கண்ணாடிக்கடைக்காரர் காதில் அது விழவில்லை. அவர் புது மாப்பிள்ளை மாதிரி, வந்தவர்களுக்கெல்லாம் வேலியில் இடம் காட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் என் மூக்குக்கண்ணாடியில் திருகாணி ஒன்று லூசாகிவிட்டது. ஆகவில்லை என்றாலும் நான் போயிருப்பேன். கடைக்குள் நுழைந்தால் மனிதர் பேய் அறைந்தது மாதிரி, கண் சோதிக்கிற நாற்காலியில் தானே உட்கார்ந்திருக்கிறார். எதிரே எழுத்துப் பலகையில் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது.

"என்னாச்சு, உங்களுக்கே கண் தெரியலையா?"

"இப்பத்தான் தெரியுதுக்கா," என்றார். எழுந்து வந்து கட்டைவிரலை நீட்டினார். விரல் நுனி முழுக்க ஆரஞ்சு.

"என்னது, பெயின்ட்டா?"

"பூந்தூள். அந்தக் கொடிப் பூவுக்குள்ள விரலை விட்டேன், அவ்வளவுதான்." கேமராவைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். "இதைப் பாருங்க. வெள்ளைக்கண்ணி. ஊரெல்லாம் இருக்கிற குருவி. கண்ணைச் சுத்தி வெள்ளை வளையம் இருக்கா? இதுக்கு நெத்தி பச்சை. இன்னிக்குக் காலைல இது அந்தப் பூவுக்குள்ள தலையை விட்டு வெளிய எடுத்துச்சு. நெத்தி என்ன நிறம்னு நீங்களே சொல்லுங்க."

ஆரஞ்சுதான்.

"அப்ப உங்க அதிசயக் குருவி?"

"சாதாரண இலைக்கதிர்குருவிக்கா. ஒவ்வொரு குளிருக்கும் கூட்டம் கூட்டமா வர்றது. தேன் குடிக்கப் போய் மூஞ்சி முழுக்கப் பூசிக்கிட்டு வந்திருக்கு."

"சின்னப் பிள்ளை சாக்லேட் தின்ன மாதிரியா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவருக்கு வரவில்லை. அதனால் நானும் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

"இதுக்கு ஏன் இப்படி இடிஞ்சு போய் உட்கார்ந்திருக்கீங்க? ஞாயித்துக்கிழமை பட்டியல் வாசிக்கிறாங்கல்ல, அப்ப உட்கார்ந்துட்டாப் போச்சு."

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. குளிர் முடிகிற ஞாயிற்றுக்கிழமை, கையெழுத்தான அபூர்வப் பறவைகளை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். பார்த்தவர் எழுந்து நிற்க வேண்டும். "நிக்கிறீங்களா, உட்கார்றீங்களா?" என்று கேட்பார்கள். தான் பார்த்தது அதுதான் என்று உறுதியாக இருப்பவர் நிற்பார். கொஞ்சமாவது சந்தேகம் இருந்தால் உட்கார்ந்துவிடலாம். உட்கார்ந்தவரிடம் ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. அதன்பிறகு பட்டியல் அச்சுக்குப் போய்விடும். போனால் போனதுதான், மாற்ற முடியாது.

"எப்படிக்கா உட்கார்றது?" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "கீழ அவ கையெழுத்து இருக்கு. பதினோரு வருஷத்துல எனக்கு அவ போட்ட முதல் கையெழுத்து. நான் உட்கார்ந்தா யாரும் என்னைப் பார்க்க மாட்டாங்க. புருஷன்னதும் கண்ணை மூடிட்டா பாருன்னு அவளைத்தான் பார்ப்பாங்க. சிலிண்டர்க்காரர் ஒருத்தர் போதும், ஊர் முழுக்க வீடு வீடாப் போய்ச் சொல்லிடுவார்."

"அவகிட்டயே சொல்லிடுங்களேன்."

"சொன்னா தானே கோடு போட்டுடுவா. போட்டுட்டு நோட்டையும் சங்கத்துல திருப்பிக் கொடுத்துடுவா. அந்த நோட்டு இல்லாம அவ எப்படி இருப்பா?" திருகாணியை முறுக்கிக் கொடுத்தார். "அக்கா, உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன். யார்கிட்டயும் வாயைத் திறக்காதீங்க."

என்னிடம் வந்து இதைக் கேட்கிற அளவுக்கு மனிதர் நொந்து போயிருந்தார்.

வெள்ளிக்கிழமையை எப்படியோ ஓட்டினேன். சனிக்கிழமை காலை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, பக்கத்து மாடியில் சிவப்பு மை வந்து நின்றாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். கையில் பிழிந்த துணி. அதையே மறுபடி மறுபடி பிழிந்துகொண்டிருந்தாள், சொட்டுத் தண்ணீர் இல்லாமல்.

"அக்கா, திங்கக்கிழமைலேர்ந்து ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை."

"ஏன்டி, உடம்புக்கு என்ன?"

"அந்தக் குருவி பொய்க்கா."

எனக்குத் துணிக் கிளிப் கையிலிருந்து நழுவிற்று. தெரியாததைக் கேட்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"படத்தைப் பார்த்ததுமே தெரிஞ்சு போச்சு. நெத்தில இடது பக்கம் தூக்கலா இருக்கு, வலது பக்கம் திட்டுத் திட்டா இருக்கு. இறகோட நிறம் அப்படி வராது. ரத்தத்துல எது செல்லு, எது கறைன்னு பிரிச்சுப் பார்க்கிறதுதானேக்கா நான் தினமும் பண்ற வேலை? இது கறை. பூந்தூள்."

"தெரிஞ்சுமா கையெழுத்துப் போட்டே? நீயா?"

"கோடு போடத்தான் பேனாவை எடுத்தேன். நிமிர்ந்து அவர் மூஞ்சியைப் பார்த்தேன்." துணியை ஒரு வழியாகக் கொடியில் போட்டாள். "கல்யாணத்தன்னிக்குக்கூட அவர் அப்படி இல்லைக்கா."

அது உண்மைதான். கல்யாணப் படத்தை நானும் பார்த்திருக்கிறேன். பல் பிடுங்க உட்கார்ந்திருப்பவர் மாதிரி இருப்பார்.

"சரி, போட்டது போட்டாச்சு. ஒரு குருவிதானே?"

"ஒரு குருவிதான். ஆனா எத்தனை பேர் பறவையை அடிச்சிருக்கேன்! மழையில நனைஞ்சு, ஜுரத்தோட வந்து படம் காட்டினவங்களை எல்லாம் ஒரு கோட்டுல அனுப்பியிருக்கேன். எல்லாருக்கும் ஒரே அளவுகோல்னு நம்பித்தான் அவங்க என்னைத் திட்டிக்கிட்டே ஒத்துக்கிட்டாங்க. நாளைக்கு இது அச்சுக்குப் போயிடும். போயிடுச்சுன்னா நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அந்த நோட்டைத் தொடுவேன்? வேண்டாம்னு சொன்னா இவர் நொறுங்கிப் போயிடுவார்." மூக்கை உறிஞ்சினாள். "அவராவே நாளைக்கு உட்கார்ந்துட்டா எவ்வளவு நல்லா இருக்கும். ஆனா அவர் எங்க உட்காரப் போறார்? இந்தக் குருவிக்காகச் சட்டையெல்லாம் தைக்கக் கொடுத்திருக்கார்." பிறகு அவளும் கையைக் கூப்பினாள். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா."

ஆக, ஒரே ரகசியத்தின் இரண்டு பாதியும் என் வாய்க்குள். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அன்று முழுக்க நான் எதையும் சரியாகச் சாப்பிடவில்லை. சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். இரண்டு பேரும் தனித்தனியாகக் கும்பிட்டுக் கேட்டிருந்தார்கள். அதோடு, மறைப்பானேன், ஞாயிற்றுக்கிழமை என்ன ஆகிறதென்று நேரில் பார்த்துவிட வேண்டும் என்கிற ஆசையும் கொஞ்சம் இருந்தது.

ஞாயிறு காலை நூலகத்து மாடி அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள், முப்பது பேர், முப்பது குல்லா. பார்வையாளர்களும் வரலாம் என்று வாசலில் எழுதியிருந்தார்கள். வந்த ஒரே பார்வையாளர் நான். மேசைக்குப் பின்னால் சிவப்பு மை நின்றபடி நோட்டை வாசித்தாள். பல் டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு எண்ணுக்கும் அந்தக் கேள்வியைக் கேட்டார். இரண்டாம் எண் நின்றது. மூன்றாம் எண், ஓர் ஆந்தை. பார்த்த பள்ளிக்கூட டீச்சர் எழுந்தார், யோசித்தார், உட்கார்ந்துவிட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் முப்பது கழுத்தும் அந்தப் பக்கம் திரும்பிற்று. கழுத்துக்கு விதி கிடையாதுபோல.

"ஏழாம் எண்," என்று வாசித்தாள். "ஆரஞ்சு நெற்றிக் குருவி. இடம், தண்ணீர் ஏற்றும் நிலையத்தின் பின்வேலி."

கண்ணாடிக்கடைக்காரர் எழுந்தார். புதுச் சட்டை. முன்னால் இருந்த நாற்காலியின் முதுகை அவர் பிடித்த பிடியில் அது கடகடவென்று ஆடியது. அதில் உட்கார்ந்திருந்த சிலிண்டர்க்காரரும் சேர்ந்து ஆடினார்.

"நிக்கிறீங்களா, உட்கார்றீங்களா?" என்றார் பல் டாக்டர், பல்லெல்லாம் தெரிய. இதில் என்ன சந்தேகம் என்பது போல.

அவர் நோட்டைப் பார்த்தார். பிறகு அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"நிக்கிறேன்," என்றார். கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஒரு குரல்.

"குறிச்சுக்கலாமாம்மா?"

சிவப்பு மை பேனாவை மூடினாள். நோட்டை மேசையில் வைத்தாள். நாற்காலியை இழுத்தாள். பதினோரு வருஷமாகப் பட்டியல் முடிகிறவரை ஒருநாளும் உட்காராதவள், பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அவர் நிக்கட்டும் டாக்டர்," என்றாள். "நான் உட்கார்றேன்."

சரிபார்க்கிறவர் உட்கார்ந்தால் என்ன அர்த்தம் என்று விதியில் எழுதவே இல்லை. உட்கார்ந்தவரை ஏன் என்று கேட்கக் கூடாது என்று மட்டும் எழுதியிருக்கிறது. முப்பது பேரும் கேள்வியை வாய்க்குள் அடக்கிக்கொண்டு முழித்தார்கள். சிலிண்டர்க்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கடைசியில் விதியை மீறினது அவள் புருஷன்தான்.

"நீ ஏன் உட்கார்ந்தே?"

"அப்படிக் கேக்கக் கூடாதுங்க," என்றார் பல் டாக்டர்.

"அவ என் பொண்டாட்டிங்க!"

"அது பூந்தூள்ங்க," என்றாள் அவள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. "படத்தைப் பார்த்தப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன். தப்பு என்னோடது. அவருக்கு ஒண்ணும் தெரியாது. அவரை யாரும் எதுவும் சொல்லாதீங்க."

கண்ணாடிக்கடைக்காரர் காற்றுப் போன டயர் மாதிரி நாற்காலியில் இறங்கினார். "எனக்கும் தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"பூந்தூள்னு. வியாழக்கிழமையே தெரியும். வெள்ளைக்கண்ணிக்கும் நெத்தி ஆரஞ்சா இருந்துச்சு."

"பின்ன எதுக்குங்க இப்ப நின்னீங்க?"

"உன் கையெழுத்து இருந்துச்சே."

இதற்குப் பிறகு யாரால் அடக்க முடியும்? முதலில் டீச்சர் சிரித்தார். அது வரிசை வரிசையாகப் பின்னால் வந்து, கடைசி வரிசையில் இருந்த என்னையும் பிடித்துக்கொண்டது. மூன்று நாளாக அடக்கி வைத்தது எல்லாம் வெளியே வந்தது. எனக்கு இடுப்பு வலித்தது.

"எனக்கும் அப்பவே லேசா சந்தேகம்தான்," என்றார் பல் டாக்டர். புதன்கிழமை வேலிக்கு முன்னால் "என்ன நிறம், என்ன நிறம்" என்று குதித்த அதே வாய். எல்லாரும் இன்னொரு சுற்றுச் சிரித்தார்கள், அவ்வளவுதான்.

சிலிண்டர்க்காரர் எழுந்தார். சிவப்பு மை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அடி விழப்போகிறது என்று தெரிந்து முதுகைக் காட்டுகிறவள் மாதிரி ஒரு பார்வை.

"அம்மா," என்றார் அவர். "ஒரு வருஷமா என் மனசுல ஒரு கல்லு. இந்த அம்மாவுக்கு மட்டும் தப்பே வராதா, நான்தான் முட்டாளான்னு. இன்னிக்குத்தான் அது இறங்குச்சு. நோட்டை வேற யார்கிட்டயும் கொடுத்துடாதீங்க. அடிச்சாலும் உங்க கையால அடிபட்டாத்தான் மரியாதை."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அப்படியே அந்த ராஜாளியையும் இன்னொரு தடவை பார்த்துட்டீங்கன்னா..."

"அது பருந்துங்க," என்றாள் சிவப்பு மை, முந்தானையை எடுக்காமலேயே.

கைதட்டல் கூரையில் மோதியது. சிலிண்டர்க்காரரும்தான் கைதட்டினார். அந்தச் சூட்டிலேயே இன்னும் இரண்டு பேர், தங்களிடம் யாரும் கேட்காமலே, ஒரு வாத்தையும் ஒரு கழுகையும் விட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் அவர்கள் முகத்தில் வந்த தெளிச்சியைப் பார்த்தால், அந்த வாத்தும் கழுகும் குளிர்காலம் முழுக்க அவர்கள் தோளிலேயே உட்கார்ந்திருந்தன என்று தோன்றியது. ஏழாம் எண்ணைச் சிவப்பு மை தன் கையாலேயே கோடு போட்டு அடித்து, கீழே "இலைக்கதிர்குருவி, ஒன்று, தேன் குடித்தது," என்று எழுதினாள்.

பஸ் நிறுத்தத்தில்தான் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அக்கா, நான் உங்ககிட்ட வியாழக்கிழமை சொன்னேன்ல?" என்றார் அவர்.

"நான் சனிக்கிழமை சொன்னேனே?" என்றாள் அவள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்கள்.

"ரெண்டும் தெரிஞ்சுமா வாயைத் திறக்காம இருந்தீங்க? நீங்களா?"

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பேச்சை வெளியே விடாததற்குத் திட்டு வாங்கினேன். நல்லவேளை, பஸ் வந்துவிட்டது.

அவர்கள் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தார்கள். நான் இரண்டு இருக்கை பின்னால். பஸ் கிளம்பின ஐந்தாவது நிமிஷம் சிவப்பு மையின் தலை சாய்ந்து அவர் தோளில் விழுந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஆறு நாள் தூக்கம், பாக்கியில்லாமல் தூங்கினாள். ஏரிக்கரையைத் தாண்டும்போது தண்ணீரிலிருந்து ஒரு பெருங்கூட்டம் எழும்பி, வெயிலில் திரும்பி, ஜன்னலுக்கு நேராகவே வந்தது. வாத்தோ உள்ளானோ, நான் கண்டேனா. கண்ணாடிக்கடைக்காரரின் கை பழக்கத்தில் மடியிலிருந்த பைனாகுலருக்குப் போயிற்று. தூக்கினால் தோள் அசையும். கையை எடுத்துவிட்டார். கூட்டம் போகிறவரை வெறுங்கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் நிறுத்தம் வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. கண்டக்டர், "இறங்கலையா?" என்று கேட்டபடி வந்தார். கண்ணாடிக்கடைக்காரர் உதட்டில் விரலை வைத்து, கடைசி நிறுத்தம் வரை டிக்கெட் கொடுக்கச் சொல்லிச் சைகை காட்டினார்.

நானும் பேசாமல் கடைசி நிறுத்தத்துக்கே ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டேன்.